அரிசிப் பையும் மூச்சு விடும்

குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வருகிறது என்றால் கொசுவலை, வெந்நீர் ஃபிளாஸ்க் வரிசையில் இப்போது மூச்சு மானிட்டரும் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வந்தன, சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் தயவில். ஒன்று டயப்பரின் இடுப்புப் பட்டியில் மாட்டும் கிளிப். கட்டைவிரல் நீளம்தான். அதன் ரப்பர் முனை குழந்தையின் வயிற்றைத் தொட்டபடி இருக்க வேண்டும். இன்னொன்று மெத்தைக்கு அடியில் வைக்கும் தட்டு, ஒயர் வழியாக ஒரு குட்டிப் பெட்டியோடு இணைந்தது. பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டுமே மூச்சை அளப்பதில்லை, அசைவை அளக்கின்றன. பெட்டியில் 'மூச்சு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம். குழந்தை மூச்சை இழுத்து விடும்போது வயிறு ஏறி இறங்குகிறது. அந்த அசைவு கொஞ்ச நேரம் தென்படாவிட்டால் கருவி அலறும். எங்கள் கிளிப் 15 விநாடி அசைவில்லை என்றால் முதலில் அதிரும். அப்புறமும் அசைவில்லை என்றால் 20-ஆவது விநாடியில் ஊரைக் கூட்டும்.

இந்த 20 விநாடி சும்மா வைத்த கணக்கில்லை. என் மகள் 31 வாரத்தில் பிறந்தவள். அந்தப் பருவத்தில் மூச்சைக் கவனிக்கும் மூளைப் பகுதி முதிர்ந்திருக்காது, அவ்வப்போது மறந்துபோகும். மூச்சு 20 விநாடி நின்றாலோ, அதைவிடக் குறைவாக நின்றும் இதயத் துடிப்போ ஆக்சிஜனோ இறங்கினாலோ அதற்கு அப்னியா என்று பெயர். ஐந்து, பத்து விநாடி நின்று, பிறகு மளமளவென்று நாலு மூச்சு வாங்கி, மறுபடி நின்று போகும் இன்னொரு வகை உண்டு. பார்க்கப் பதறும், ஆனால் பிஞ்சுக் குழந்தைகளுக்கு அது சகஜம். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவில் அப்னியாவுக்குக் காஃபீன் கொடுத்தார்கள், நம் காபியில் இருக்கும் அதே சரக்கு. அதை நிறுத்தி, சில நாள் ஒன்றும் வராமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் செய்தார்கள். மானிட்டர் பற்றிக் கேட்டபோது டாக்டர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வாங்கினா வாங்குங்க. அதை நம்பித் தூங்கிடாதீங்க" என்றார்.

முதல் வாரம் தூக்கமே இல்லை, அலாரம் புண்ணியத்தில். அது அடித்த காரணங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். பால் கொடுக்கத் தூக்கும்போது கிளிப்பை அணைக்க மறப்பது முதல் காரணம். அடுத்தது டயப்பர். இரண்டு கிலோகூட எட்டாத பிள்ளைக்குக் கடையில் கிடைக்கும் மிகச் சின்ன டயப்பரும் தொளதொளவென்றுதான் நிற்கிறது. ஈரமானதும் பட்டி இன்னும் தொங்கி, ரப்பர் முனை வயிற்றை விட்டு விலகிவிடும். மூன்றாவதை எந்தக் கையேட்டிலும் பார்க்க முடியாது: அரைஞாண் கயிறு. வெள்ளி மணி கோத்து என் அம்மா ஆசையாகக் கட்டிய கயிறு, கிளிப்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொள்ளும். கயிற்றைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு அம்மா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! கடைசியில் கிளிப்பை இடுப்பின் நடுவிலிருந்து ஓரமாக நகர்த்தி சமாதானம் ஆனோம்.

இதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். எனக்குத் தீராத மனத்தாங்கல் அந்த 15-ஆவது விநாடி அதிர்வின் மேல்தான். கிளிப் அதிர்கிறது, பிள்ளை நெளிகிறாள், மறுபடி பச்சை விளக்கு. நிஜமாகவே மூச்சு நின்றதா, மேலோட்டமான மூச்சைக் கிளிப் தவறவிட்டதா, யாருக்குத் தெரியும்? மருத்துவமனை தரும் வீட்டு மானிட்டர்கள் நெஞ்சில் ஒட்டும் மின்முனைகள் வழியாக மூச்சையும் இதயத் துடிப்பையும் சேர்த்துப் பார்க்கும். நடந்ததைப் பதிவு செய்தும் வைக்கும். டாக்டர் அதை இறக்கிப் பார்த்து எது நிஜம் எது பொய் என்று பிரிப்பார். கிளிப்பில் நினைவகம் கிடையாது. "எத்தனை விநாடி நின்னுது? உதடு நிறம் மாறிச்சா?" என்று அடுத்த செக்கப்பில் கேட்டால், பதில் என் கண்ணில் இருந்தால் உண்டு.

பொய்யாக அலறுவதைப் பற்றி எல்லோரும் புலம்புகிறார்கள். பொய்யாகச் சும்மா இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது கங்காரு முறையில் பிள்ளையை மார்போடு அணைத்துப் படுத்திருந்த ஒரு மதியம். கிளிப்பை இழுத்து அவள் வயிற்றிலிருந்து விலக்கி, என் பக்கமாகச் சாய்த்து வைத்தேன். அலாரம் அடிக்கவில்லை. என் மூச்சை எண்ணிக்கொண்டு நிம்மதியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு சோதனை ஆரம்பம். சமையலறையிலிருந்து இரண்டு கிலோ பச்சரிசிப் பையை எடுத்து, டயப்பர் சுற்றி, கிளிப் மாட்டி, மேசை மேல் வைத்தேன். சொன்ன நேரத்தில் அதிர்ந்தது, அலறியது. சபாஷ். அதே பையைத் தூளியில் போட்டு லேசாக ஆட்டினேன். பச்சை. நான் கையை எடுத்த பிறகும் தூளி தன்னால் ஆடி அடங்கும்வரை பச்சை. தட்டு இன்னும் மோசம். கட்டிலில் மெத்தைக்கு அடியில் தட்டு, மேலே அரிசிப் பை, பக்கத்தில் டேபிள் ஃபேன் முழு வேகத்தில். அரிசி 'மூச்சு விட்டுக்கொண்டே' இருந்தது. ஃபேனை நிறுத்தியதும்தான் அலாரம். ஃபேன் இல்லாமலும் ஒருமுறை பார்த்தோம், என் கணவர் அதே கட்டிலின் மறு ஓரத்தில் படுத்திருக்க. அவர் மூச்சில் அரிசி பிழைத்தது.

"அரிசிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறியேடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விஷயம் இதுதான்: இந்தக் கருவிகள் கெட்டிக் கட்டிலில், தனி மெத்தையில், தனியாகப் படுக்கும் குழந்தைக்காகச் செய்தவை. ஃபேனும் பக்கத்தில் ஆளும் கூடாது என்று கையேட்டிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் பிள்ளை தூளியில் தூங்குவாள், இல்லையென்றால் அம்மா பக்கத்தில். சென்னை வெயிலில் ஃபேன் நிற்கிற நேரம் கரண்ட் போகிற நேரம்தான்.

தூளி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறைமாதப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. தூளியில் வளைந்து படுத்தால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குழாய் மடங்கலாம். அப்படி அடைபட்டால் வயிறும் நெஞ்சும் கொஞ்ச நேரம் முக்கி முக்கி அசைந்துகொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. அசைவை எண்ணும் கருவிக்கு அது மூச்சு! தட்டையான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் அங்கே காவல், கிளிப் அல்ல. இதைச் சொல்லித்தான் அம்மாவிடம் தூளியைக் கழற்ற வைத்தேன். அரைஞாண் கயிற்றில் தோற்றதற்கு இங்கே வட்டி.

அப்படியானால் ஆக்சிஜனைப் பார்க்கும் சாக்ஸ் வாங்கலாமே என்பார்கள். அப்படிச் சாக்ஸ் விற்ற அமெரிக்காவின் ஆவ்லெட் நிறுவனத்துக்கு 2021 அக்டோபரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, மருத்துவக் கருவிக்கு உரிய அனுமதி இல்லாமல் விற்கிறீர்கள் என்று. 2023-இல் அவர்களுடைய ட்ரீம் சாக் அனுமதி பெற்றது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளுக்கு மட்டும். குறைமாதப் பிள்ளைக்கென்று வாங்குகிறவர்கள் இந்த வரியைப் படிப்பதே இல்லை.

மானிட்டர் மாட்டினால், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் தொட்டில் மரணத்தைத் தவிர்க்கலாம் என்ற எண்ணமே பழைய கதை. 1972-இல் ஸ்டெயின்ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர் அப்னியாவையும் தொட்டில் மரணத்தையும் முடிச்சுப் போட்டு எழுதிய கட்டுரையிலிருந்து வீட்டு மானிட்டர்கள் பெருகின. அதில் அவர் காட்டிய இரண்டு குழந்தைகளைத் தாயே மூச்சை அடைத்துக் கொன்றிருக்கிறாள் என்று 1990-களில் நீதிமன்றத்தில் நிரூபணம் ஆனது. 2001-இல் 1,079 குழந்தைகளை வீட்டிலேயே கண்காணித்து வெளிவந்த சைம் ஆய்வு, நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கும் மானிட்டரில் 'நிகழ்வு' வரும் என்று காட்டியது. குறைமாதக் குழந்தைகளுக்கு இருந்த கூடுதல் ஆபத்தும், கருவுற்ற காலத்தையும் சேர்த்து எண்ணினால் 43-ஆவது வாரத்தோடு விலகிவிடுகிறது. தொட்டில் மரணத்தைத் தடுக்க மானிட்டரை நம்பாதீர்கள் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது.

பிறகு நான் கிளிப்பை ஏன் வைத்திருந்தேன்? அது அடித்தபோதெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று கை பழகியது, அதற்காக. டிஸ்சார்ஜுக்கு முன்னால் என்ஐசியூ சிஸ்டர் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். "மெஷினப் பாக்காதம்மா, புள்ளையப் பாரு. லைட்டப் போடு. உதட்டப் பாரு, நாக்கப் பாரு." ரோஸாக இருந்து நெஞ்சும் அசைந்தால் கிளிப்பைச் சரிசெய்துவிட்டுப் படுக்கலாம். மூச்சைக் காணோம் என்றால் உள்ளங்காலைச் சுண்ட வேண்டும், முதுகை நீவ வேண்டும். உலுக்கவே கூடாது. அதற்கும் அசையவில்லை, நீலம் பாய்கிறது என்றால் வாயும் மூக்கும் சேர்த்து மூடி மெல்ல ஊதத் தொடங்கி, இன்னொருவரை 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளாமல் மானிட்டர் மட்டும் வாங்குகிறவர்கள் அலாரம் அடித்தால் என்ன செய்வார்களோ, எனக்குப் புரியவில்லை.

தீர்ப்பு கேட்டால்: தட்டு நம் வீடுகளுக்கு வேண்டாம், இனாமாக வந்தாலும். கிளிப், தனிப் படுக்கை போட முடிந்த வீட்டில், முதலுதவி தெரிந்த கையில் இருந்தால் சரி. பேட்டரி மட்டும் மூலைக்கடையில் கிடைக்காத குட்டை லித்தியம். கூடுதலாக ஒன்று வாங்கி வைக்கவும். ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்கு அனுப்பும் குழந்தைகளுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். அலாரம் எந்த எண்ணில் அடிக்க வேண்டும் என்பதை மருத்துவமனையிலேயே செட் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் சென்சாரைச் சில மணிக்கு ஒருமுறை கால் மாற்றிக் கட்டாவிட்டால் தோல் புண்ணாகிவிடும்.