திரைவானும் மெய்வானும்

உலகில் உள்ளவாறு கூறுவது உலகியல் வழக்கு. சுவைபட வருவனவெல்லாம் ஓரிடத்து வந்தனவாகப் புனைந்து கூறுவது நாடக வழக்கு. இவ்விரண்டும் கலந்து அமைவதே செய்யுள்நெறி எனத் தமிழ் இலக்கணம் வகுத்தது. இன்றைய திரைப்படமும் இக்கலப்பாலேயே இயங்குகின்றது. எனினும், திரையில் ஒரு விமானம் தோன்றியவுடன் பார்ப்போர் இரு பகுதியினராகப் பிரிகின்றனர். “இவ்வகை விமானம் அவ்வாண்டில் இல்லை, இவ்வொலி இதற்குரியதன்று” என ஒரு பகுதியினர் சினக்கின்றனர். “கதையைப் பார்க்காமல் இறக்கையைப் பார்க்கின்றனரே” என மறுபகுதியினர் நகைக்கின்றனர். இவ்விருவருள் எவர் கூற்று வலியுடையது என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானூர்தியைக் கற்பனை செய்தல் தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயையின் பொருட்டு மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். பொறியை வலமாகத் திரித்தால் மயில் மேலெழும்; இடமாகத் திரித்தால் இறங்கிக் கால்குவித்து நிற்கும். தேவி அதனைச் செலுத்தப் பழகிய செய்தியையும் திருத்தக்கதேவர் கூறத் தவறவில்லை. அவர் காலத்தில் அத்தகைய பொறி எதுவும் பறந்ததில்லை. ஆயினும், பறப்பதற்கு ஒரு விதியும், அவ்விதியைக் கையாளுதற்குப் பயிற்சியும் வேண்டும் என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார். விதியை வகுத்தபின் கதை நடத்தியமையால், நடவாத ஒன்றும் நடந்ததுபோல் உள்ளத்திற் பதிகின்றது.

பெயரையும் இயல்பையும் பிழையாது வழங்கல் வேண்டும் என்பதிலும் தமிழ்மரபு கண்டிப்புடையது. தொல்காப்பிய மரபியல், பறப்பனவற்றின் இளமைப் பெயர் பார்ப்பு, பிள்ளை என்பன எனவும், யானை, குதிரை முதலியவற்றின் இளமைப் பெயர் கன்று எனவும் வரையறுக்கின்றது. இவற்றை மாறிக் கூறுவது சிறு பிழையாகக் கருதப்படவில்லை. ஆதலின், ஒரு விமானத்தைக் காட்டிப் பிறிதொன்றின் பெயரால் அழைக்கும் படத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆர்வலரை வெறும் குற்றங்காண்போர் எனத் தள்ளிவிடுதல் முறையன்று. அவர் மரபியலாரின் வழித்தோன்றல் எனலாம்.

இதற்கு மறுப்பாக அரிஸ்டோட்டிலின் கூற்றை எடுத்துக்காட்டுவர். பெண்மானுக்குக் கொம்பில்லை என்பதை அறியாதிருத்தல், அம்மானைக் கலைநயமின்றித் தீட்டுதலினும் சிறிய பிழையே எனக் கவிதையியலில் அவர் உரைத்தார். ஆனால் மறுப்போர் அவர் கூறியதன் மற்றைப் பாதியை மறந்துவிடுகின்றனர். கலையின் பயனைப் பிழையின்றியே அடையக்கூடுமாயின் அப்பிழை மன்னிக்கத் தக்கதன்று என்பதும், இயலுமாயின் எவ்வகைப் பிழையும் தவிர்க்கப்படல் வேண்டும் என்பதும் அவர் கருத்தே. இதனால் மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன: பிழை தவிர்க்க முடியாததா? கதைக்குப் பயன்படுகின்றதா? எவர்க்கேனும் தீங்கு செய்கின்றதா?

முதற்கண் பொருட்பிழையை நோக்குவாம். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த “பற்றில் ஒவ் பிரிட்டன்” என்னும் ஆங்கிலப் படத்தில் யேர்மானிய மெசர்ஷ்மிட் விமானங்களாகத் தோன்றியவை ஸ்பானிய நாட்டுப் புச்சோன் விமானங்கள். அவற்றுள் இருந்தவை பிரித்தானிய ரோல்ஸ்ரோய்ஸ் மேர்லின் இயந்திரங்கள்; அஃதாவது, பகைவரின் விமானங்களும் ஸ்பிட்பயரின் இயந்திர இனத்தாலேயே பறந்தன. 1970இல் வந்த “ரோரா! ரோரா! ரோரா!” படத்தில் அமெரிக்கப் பயிற்சி விமானங்கள் உருமாற்றப்பட்டு யப்பானிய விமானங்களாயின. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசிய கப்பற்படை விமானங்களின் இனமும் அவையே. மெய்யான விமானங்கள் பறக்குந் தகுதியுடன் கிடைத்தற்கரியனவாய் இருந்தமையின் இவை முட்டுப்பாட்டால் நேர்ந்தவை; மன்னிக்கத் தக்கவை. கையில் உள்ளதைத் தேடாமல் விடும் சோம்பலுக்கு அம்மன்னிப்புப் பொருந்தாது.

ஒலிப்பிழை இதனினும் ஆழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் யேர்மானிய ஸ்ரூக்கா விமானங்களில் பொருத்தப்பட்டிருந்த ஊதொலிக் கருவியின் அலறல், திரையில் வீழும் விமானம் எதுவாயினும் அதற்கு உரியதாக்கப்படுகின்றது. சுழல்விசிறி விமானத்துக்குத் தாரை விமானத்தின் முழக்கம் இடப்படுகின்றது. பிற நாட்டார்க்கு இது அற்பமாகத் தோன்றலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு அங்ஙனம் தோன்றுவதற்கில்லை. பொம்பர், ஹெலி, சகடை, கிபிர் என இங்குள்ளார் விமானங்களுக்கு வழங்கிய பெயர்கள் நூல்களிற் கற்றவையல்ல, காதினாற் கற்றவை. எவ்வொலி கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடுவது, எவ்வொலி கேட்டால் வேலையைத் தொடர்வது என்பதைச் சிறுவரும் அறிந்திருந்தனர். 1987ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள் இந்திய அன்டனோவ்-32 விமானங்கள் உணவுப் பொதிகளை வீசிச் சென்றபோதும், வானொலி கேட்டு அண்ணாந்த கண்களுக்கு வந்தது உணவா குண்டா என்பதே முதல் வினாவாயிற்று. அத்தகைய காதுகளின் முன்னே, போர்க்காலக் கதையொன்றிற் பொய்யொலியை இடுவது அம்மக்கள் பட்ட துயரை அறியாமையின் அடையாளமாகும்.

தொழிற்பிழை மூன்றாவது. ஓர் இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லென வீழ்வதாகத் திரை காட்டும். இரட்டை இயந்திரப் பயணிகள் விமானமோ, புறப்படும் வேளையில் ஒன்று செயலிழப்பினும் மற்றொன்றால் மேலெழக்கூடியது எனச் சோதித்தே ஏற்கப்படுகின்றது. சுவரில் ஒரு துளை விழின் அனைவரும் வெளியே இழுக்கப்படுவர் எனவும் திரை காட்டும். 1988ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் மேற்கூரையின் பெரும்பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏனைய 94 பேருடன் விமானம் தரையிறங்கியது. பயணிகள் வீணாக அஞ்சுவதும், அஞ்சவேண்டியதற்கு அஞ்சாதிருப்பதும் ஆகிய இரண்டும் கேடு. 1996ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கடத்தப்பட்ட எதியோப்பிய விமானம் கொமொறோஸ் தீவின் அருகே கடலில் வீழ்ந்தபோது, உயிர்காப்புச் சட்டையை உள்ளேயே ஊதிவிட்ட பலர் வெளியேற முடியாது மாண்டனர். விமானத்தினுட் பிழைக்கும் வழி அறிவைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நான்காவது, நிறுவனங்களையும் வரலாற்றையும் பற்றிய பிழை. 2009ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பறவைகள் மோதியபின் 208 வினாடிகளில் அட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி, அதிலிருந்த 155 பேரையும் காத்தார் சலன்பேர்கர். 2016இல் வந்த “சலி” என்னும் படம் விபத்தாய்வுச் சபையினரை அவரைக் குற்றவாளியாக்க முயன்ற பகைவராகச் சித்திரித்தது. ஆய்வில் ஈடுபட்டோர் இதனை மறுத்துரைத்தனர். அவர்தம் அறிக்கை விமானியின் முடிவை ஏற்றதேயன்றிப் பழித்ததன்று. விபத்தாய்வின் நோக்கம் மறுமுறை நேராது காத்தலேயன்றிப் பழி சுமத்தலன்று என்பது உலக நாடுகள் ஒப்பிய விதி. நாயகனுக்குப் பகைவன் வேண்டும் என்னும் நாடகத் தேவைக்காக, உயிர் காக்கும் ஓர் அமைப்பின் நற்பெயர் பலியிடப்பட்டது. மூன்றாம் வினாவிற்கு இப்படம் விடை கூறமாட்டாது.

இனித் தமிழ்ப்படம் ஒன்றை இவ்வளவைகளால் நோக்கலாம். சுதா கொங்கராவின் இயக்கத்தில் சூரியா நடித்த “சூரரைப் போற்று” 2020ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அமேசான் பிறைம் வழியாக வெளிவந்தது. சிறந்த திரைப்படம், சிறந்த நடிகர் உள்ளிட்ட ஐந்து இந்திய தேசிய விருதுகளை அது பெற்றது. எயார் டெக்கான் நிறுவனத்தை 2003இல் தொடங்கிய கப்டன் கோபிநாத்தின் தன்வரலாற்றைத் தழுவியது அக்கதை. கோபிநாத் தரைப்படையினர், கதைநாயகன் நெடுமாறன் வான்படையினன். கோபிநாத் கருநாடக மாநிலத்தவர். நெடுமாறன் மதுரைப்புறத்துச் சோழவந்தானைச் சேர்ந்தவன். இம்மாற்றங்கள் நாடக வழக்கின்பாற்பட்டவை. தந்தை இறக்குந் தறுவாயில் ஊர் செல்ல விமானக் கட்டணம் போதாது பயணிகளிடம் கையேந்தும் காட்சியும் அவ்வாறே. ஏழைக்கும் வானம் உரியது என்னும் கருப்பொருள் அக்காட்சியினாலேயே உயிர்பெறுகின்றது. படம் பெரிதும் புனைவாயினும் தம் கதையின் சாரத்தைக் காட்டியது எனக் கோபிநாத்தே பாராட்டினார்.

எனினும், சென்னையில் இறங்க இடம் மறுக்கப்பட்டு, எரிபொருள் குறைந்த விமானம் தாம்பரம் வான்படைத் தளத்தை நாடும் காட்சி ஆராயத் தக்கது. பயணிகள் விமானம் சேருமிடத்துக்கும், மாற்று நிலையத்துக்கும், அதற்கு மேலும் அரை மணிநேரம் வட்டமிடுதற்கும் வேண்டிய எரிபொருளுடனேயே புறப்படல் வேண்டும். அவ்விறுதி ஒதுக்கில் கைவைக்க நேரின் விமானி அபாயக் குரல் எழுப்புவார், முதலிடம் அவர்க்கே. இறுதி முடிவு விமானத் தலைவரின் அதிகாரத்திற்குட்பட்டது. இவ்விதியை நாடகமாக்கியிருப்பின் காட்சியின் விறுவிறுப்புக் குறைந்திராது. விதியறிந்த ஒருவனின் உறுதியாக அது மேலும் உயர்ந்திருக்கும். இங்கே பிழை தவிர்க்கக்கூடியது, ஆதலின் குறையே.

மற்றொரு குறை நுண்ணியது. கோபிநாத் விமான நிறுவனத்துக்கு முன்னரே, 1997இல், வாடகை ஹெலிகொப்டர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். உரிமம், பராமரிப்பு, விமானிகள், கடன் ஆகியவற்றின் நுட்பத்தை ஆண்டுக்கணக்கிற் கற்ற பின்னரே 48 இருக்கைகளைக் கொண்ட ஏ.டி.ஆர். விமானங்களை இயக்கினார். குறுந்தூரத்துக்குச் சிறிது எரிபொருளே போதும், குறுகிய ஓடுபாதையே போதும் என்னும் அவ்விமானத்தின் இயல்பே மலிவான கட்டணத்துக்கு ஒரு காரணம். 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் நாள் பலாலியிற் சென்னையிலிருந்து வந்திறங்கியதும் அவ்வினத்து ஏ.டி.ஆர். 72 விமானமே. விமானத்தின் வகை வெறும் அலங்காரமன்று. அதுவே பொருளாதாரம், அதுவே கதை. படமோ இடர்களுட் பெரும்பாலானவற்றைப் போட்டி முதலாளியின் சூழ்ச்சியாகச் சுருக்கிற்று. கற்றுத் தேர்ந்த பொறுமை மறைந்து, வெகுண்டெழுந்த வீரம் எஞ்சிற்று. இளைஞர்க்கு எது வழிகாட்டும் என்பது சிந்திக்கத் தக்கது.

ஆர்வலரும் ஒன்றை உணர்தல் வேண்டும். ஆணியை எண்ணிக் கப்பலை மறப்பவர் கலையை இழக்கின்றார். சிறு பிழை கண்டு பெரும்படைப்பை இகழ்வது நீதியன்று; “சூரரைப் போற்று” குறைகளுடன் கூடியதாயினும் நிலைக்கத் தக்க படைப்பே. ஆனால் நிலைக்கத் தக்க படைப்பினிடத்தேதான் பிழையை எடுத்துக்காட்டுதல் பயன் தரும்.

முட்டுப்பாட்டால் வந்த பிழை பொறுக்கத் தக்கது. பயன் கருதிய மாற்றம் போற்றத் தக்கது. அறியாமையாலும் அலட்சியத்தாலும் வந்தது திருத்தத் தக்கது. உயிரையும் நற்பெயரையும் ஊறுபடுத்துவது கண்டிக்கத் தக்கது. மயிலைப் பறக்கவிடுமுன் அதன் பொறி எவ்வழித் திரியும் எனக் கூறிய புலவரின் நேர்மை இன்றைய திரைக்கும் வேண்டுவதாகும்.