குறையாத 93 சென்டிமீட்டர்

டோக்கியோ தேசிய அரங்கம், 2025 செப்டம்பர் 15 இரவு. உலகத் தடகளப் போட்டியில் ஆண்கள் கோலூன்றித் தாண்டுதலின் பதக்கங்கள் முடிவாகிவிட்டன. கிரேக்கத்தின் காராலிஸ் 6.00 மீட்டரோடு வெள்ளி, ஆஸ்திரேலியாவின் மார்ஷல் 5.95 மீட்டரோடு வெண்கலம். ஆனாலும் கூட்டம் கலையவில்லை. தங்கத்தை உறுதிசெய்துவிட்ட ஸ்வீடனின் அர்மாண்ட் டுப்ளாண்டிஸ் 6.30 மீட்டரோடு மல்லுக்கு நின்றார். இரண்டு முறை முடியவில்லை. மூன்றாவது முறை உடல் உரசியதில் பார் ஆடியது, ஆனால் விழவில்லை. அது அவருடைய 14ஆவது உலக சாதனை.

2020இல் 6.17 மீட்டரில் ஆரம்பித்தவர், அதன் பிறகு ஒவ்வொரு சாதனைக்கும் ஒரு சென்டிமீட்டர்தான் கூட்டியிருக்கிறார். முன்னாள் கோலூன்றி வீரர் செர்கெய் புப்கா காட்டித்தந்த சில்லறைக் கணக்கு இது. அவர் 35 முறை உலக சாதனையைத் திருத்தியவர்.

நம் கதைக்கு டோக்கியோவைவிட கொச்சி பக்கம். நம் மலையூர் தேவிகுளத்தைத் தொட்டுக்கொண்டு போகும் கொச்சி-தனுஷ்கோடி சாலையில் மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் என்று இறங்கினால் கொச்சி வந்துவிடும். அங்கே மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் 2025 ஏப்ரலில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில், மத்தியப் பிரதேசத்தின் தேவ் மீனா 5.35 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு டேராடூன் தேசிய விளையாட்டில் 5.32 மீட்டர் தாண்டியவரும் அவர்தான். அதற்கு முந்தைய சாதனை, தமிழ்நாட்டுக்காரரான சிவா 2022இல் குஜராத் தேசிய விளையாட்டில் தாண்டிய 5.31.

கைதட்ட வேண்டிய விஷயம்தான். தட்டிவிட்டு ஒரு கழித்தல் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கொச்சியில் அந்த 5.35 வந்த நாளில் உலக சாதனை 6.27, இடைவெளி 92 சென்டிமீட்டர். இப்போது 1987க்குப் போவோம். அந்த ஆண்டு இந்தியாவின் விஜய் பால் சிங் 5.10 மீட்டர் தாண்டினார். அதே ஆண்டு பிராகா நகரில் புப்கா தாண்டியது 6.03. இடைவெளி 93. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிக் களைத்து, ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் நெருங்கியிருக்கிறோம். அதையும் டுப்ளாண்டிஸ் விட்டுவைக்கவில்லை. ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் மூன்று சென்டிமீட்டர் ஏறிவிட்டார்.

துணிச்சல் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது சோம்பேறித்தனமான பதில். கம்பை ஊன்றித் தலைகீழாகத் தொங்கும் எவருக்கும் துணிச்சலைப் பற்றி நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எடுக்க முடியாது.

காரணம் ஓட்டத்தில் இருக்கிறது. ஓடிவரும் வேகத்தை உயரமாக மாற்றுவதுதான் இந்த விளையாட்டு. அந்த உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். விநாடிக்கு 9.3 மீட்டர் வேகத்தில் வருபவரிடம் உடலைச் சுமார் 4.4 மீட்டர் தூக்கும் ஆற்றல் இருக்கிறது. 10.3 மீட்டர் வேகத்தில் வருபவரிடம் 5.4 மீட்டர் தூக்கும் ஆற்றல். ஓட்டத்தில் விநாடிக்கு ஒரு மீட்டர் கூடினால் உயரத்திலும் ஏறக்குறைய ஒரு மீட்டர். மற்றதெல்லாம் கைவேலை. டுப்ளாண்டிஸ் 2024 செப்டம்பரில் ஜூரிச்சில் தடை ஓட்டக்காரர் வார்ஹோமோடு பந்தயம் கட்டி 100 மீட்டரை 10.37 விநாடியில் ஓடி ஜெயித்தார். கையில் கம்பில்லாமல்தான், ஆனால் அந்தக் கால்கள்தான் 6.30க்கும் ஓடின.

வேகம் வந்தால் மட்டும் போதாது, அதைத் தாங்கக் கம்பும் வேண்டும். ஃபைபர் கம்பில் அதன் நீளமும், எத்தனை கிலோ எடைக்காரருக்கு ஆனது என்பதும் எழுதியிருக்கும். ஒரு வீரருக்கு ஒரு கம்பு என்பது நடக்காத காரியம். நன்றாக ஓடிய நாளில் பழைய கம்பு அளவுக்கு மீறி வளையும். உடனே அதைவிடக் கெட்டியான ஒன்றை எடுக்க வேண்டும். காற்று எதிர்த்து வீசினால் ஒரு படி மென்மையானது. அதனால் பெரிய போட்டிக்கு வருபவர் ஒரு கட்டுக் கம்புகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அந்தக் கட்டில் நடுவே ஒன்று இல்லையென்றால், ஏணியில் ஒரு படி உடைந்த கதைதான்.

ஆசியாவில் யாராலும் முடியாததா இது? பிலிப்பைன்ஸின் இ. ஜே. ஒபியெனா 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 6.00 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 5.90 தாண்டித் தங்கம். அவர் நாட்டில் இதற்கென்று பெரிய ஏற்பாடு எதுவும் கொட்டிக்கிடக்கவில்லை. கம்பு தாண்டும் அப்பாவுக்குப் பிறந்தவர், இத்தாலியின் ஃபோர்மியாவில் போய்த் தங்கி, புப்காவுக்குப் பயிற்சி கொடுத்த விட்டாலி பெட்ரோவிடம் வருடக்கணக்கில் கற்றார். டோக்கியோ 2025க்கான நேரடித் தகுதி உயரம் 5.82 மீட்டர். கொச்சி சாதனைக்கும் அதற்கும் 47 சென்டிமீட்டர். நமக்கு முதல் பந்தயம் டுப்ளாண்டிஸோடு அல்ல, இந்த 47ஓடுதான்.

தேவிகுளம் பக்கம் பந்து என்றால் கூட்டம் சேரும். எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு கால்பந்துக்கு லயம் லயமாக ஆள் இறங்கும். கம்பு தாண்டுவது வேறு சங்கதி. ஓடுபாதைக்குக் குறைந்தது 40 மீட்டர் சமதளம் வேண்டும், விழுவதற்குத் தடித்த மெத்தை வேண்டும், மெத்தையை மூடத் தார்ப்பாய் வேண்டும். தேயிலைச் சரிவில் முதலாவது கிடைப்பதே பாடு. ஜூன் மழை இறங்கினால் மூன்றாவதும் தாங்காது. இங்கிருந்து ஒரு பையன் ஆசைப்பட்டால், பள்ளித் தடகளத்தில் பேர்போன கோதமங்கலத்துக்குத்தான் இறங்க வேண்டும்.

அப்படி இறங்கும் நாளில் ஐந்து மீட்டர் கம்பு பஸ்ஸுக்குள் நுழையாது. ஜீப்பின் கேரியரில் வைத்துச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தால், ஜீப் டிரைவர் முன்பக்கத்தோடு அந்தத் துணியையும் பார்த்துத்தான் திருப்புவார்.