ரசனைக்குக் காரணம்

பிடித்த பாட்டுகளைப் பட்டியலிடுவது சுலபம். ஏன் பிடிக்கிறது என்று கேட்டால், 'ரசனை அவரவர் சொந்த விஷயம்' என்று நண்பர்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள். கவிதை விஷயத்தில் இந்தப் பதிலை ஏற்காதவர்கள் சங்கீதத்தில் மட்டும் எப்படி ஏற்கிறார்கள்?

இப்போது நான் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு. எம். டி. ராமநாதன் (1923-1984) பாடிய 'ஸாமஜவரகமனா', ஹிந்தோளம். 'கவிக்குயில்' (1977) படத்தில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ரீதிகௌளைப் பாட்டு.

ராமநாதன் தாழ்ந்த ஸ்ருதியில், பிறர் துணியாத விளம்பத்தில் பாடுகிறார். ஒரு ஸ்வரம் அடங்கியபின்தான் அடுத்தது. இடையிலுள்ள மௌனமும் ராகத்தில் சேர்ந்துவிடுகிறது. இந்த நிதானமே ஒரு பாவனை என்பவர்கள் உண்டு. வேகத்தில் பிழை ஒளிந்துகொள்ளும்; இங்கே ஒளிய இடமில்லை.

பாலமுரளி மூன்று ஸ்தாயிகளிலும் அநாயாசமாகச் சஞ்சரித்தவர். கச்சேரியில் அந்தச் சாமர்த்தியம் சில சமயம் ராகத்தை மறைப்பதாக எனக்குப் படும். சினிமாப் பாட்டின் சில நிமிஷங்களில் விரிவான ஆலாபனைக்கோ கல்பனாஸ்வரத்துக்கோ வழியில்லை. ராகத்தின் முகம் மட்டும் தெரிகிறது.

ஒருவருடைய அடக்கம் அவரே தேர்ந்தது. மற்றவருடையது வடிவம் விதித்தது. இரண்டிலும் பாடகர் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை என்பதே எனக்கு முக்கியம். கச்சேரி உசத்தி, சினிமா மட்டம் என்ற பாகுபாடு இதைச் சொல்ல உதவாது. சிறு கவிதையிலும் நான் தேடுவது இதைத்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம், காரணத்தோடு.