நாற்காலி மட்டும் போதுமா?

தொழிற்சாலைகளில் சேஃப்டி ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று அவர் கையில் மைக் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அவர் பேச்சு மேனேஜர் காதில் ஏறுமா? இந்தக் கேள்வியோடு நாசாவைப் பற்றிய இரண்டு விசாரணை அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். த்ரில்லர் நாவலெல்லாம் தோற்றது, போங்கள்!

முதலாவது, 1986 ரோஜர்ஸ் கமிஷன் அறிக்கை. சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி. பூஸ்டர் ராக்கெட் செய்துகொடுத்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் இன்ஜினீயர்கள், 'குளிர் அதிகம், ரப்பர் வளையம் இறுகிடும், தள்ளிப்போடுங்க' என்று டெலிபோன் மீட்டிங்கில் வாதாடினார்கள். நாசா தரப்பு எகிறியது. உடனே கம்பெனியின் பெரிய அதிகாரி, இன்ஜினீயரிங் பிரிவின் தலைவரிடம், 'இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றிட்டு மேனேஜர் தொப்பியை மாட்டிக்கோ' என்றார். மாட்டிக்கொண்டார். மறுநாள் 73 விநாடியில் ஓடம் சிதறி ஏழு பேர் பலி.

அந்த மீட்டிங்குக்குப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிடணும் என்று யாருக்கும் தோன்றவே இல்லையாம்! 'நாசா தலைவருக்கே நேரடியாகப் பதில் சொல்லும் பாதுகாப்பு அலுவலகம் வேண்டும், சுதந்திரமாக இயங்கட்டும்' என்றது அறிக்கை. அலுவலகமும் வந்தது.

இரண்டாவது, 2003 கொலம்பியா அறிக்கை. நம் கல்பனா சாவ்லாவோடு சேர்த்து ஏழு பேரைப் பறிகொடுத்த விபத்து. ஓடத்தின் இறக்கையில் நுரைத்துண்டு அடித்துவிட்டது, படம் எடுத்துப் பார்க்கணும் என்று இன்ஜினீயர்கள் கேட்டார்கள். மேலிடம் மசியவில்லை. இந்தமுறை பாதுகாப்பு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் சும்மா இருந்தார்கள், மாற்றுக் கருத்து மேலே போக வழியாக இருக்கவில்லை என்கிறது அறிக்கை.

ஏன்? நான் பி.காம். ஆசாமி. எனக்கு விடை கணக்குப் புத்தகத்தில்தான் கிடைத்தது. எந்தத் திட்டத்தைக் கண்காணிக்கணுமோ, அதே திட்டத்தின் பட்ஜெட்டிலிருந்துதான் அவர்களுக்குப் பணம்! கம்பெனியின் ஆடிட்டரைப் பங்குதாரர்கள் நியமிக்கவேண்டும் என்று சட்டம் ஏன் சொல்கிறது? படியளக்கிறவரிடம் போய்க் குற்றம் கண்டுபிடிக்க யாருக்கு மனசு வரும்?

முதல் அறிக்கை நாற்காலி போடச் சொன்னது. கல்லாச் சாவி யாரிடம் என்று அழுத்திக் கேட்டது இரண்டாவதுதான். 'தலைமையகமே நேரடியாகப் பணம் கொடுக்கும், திட்டத்தின் செலவோடும் தேதியோடும் சம்பந்தமில்லாத தொழில்நுட்ப அமைப்பு வேண்டும்' என்றது. என் ஓட்டு அதற்கே.

உங்கள் கம்பெனியில் சேஃப்டி ஆபீசரின் இன்கிரிமென்ட்டுக்குக் கையெழுத்துப் போடுவது யார் என்று விசாரியுங்கள். புரொடக்‌ஷன் மேனேஜர்தான் என்றால், ஹெல்மெட்டை நீங்களே கெட்டியாகக் கட்டிக்கொள்வது நல்லது.