ஒரு லட்சம் ரூபாய் எதை நிரூபித்தது?

1963இல் கொழும்பிலிருந்து பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் ஒன்றைச் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய்த் தாளின் எண்ணைப் படிக்கலாம், தணலில் அரை நிமிடம் கால் கொப்புளிக்காமல் நிற்கலாம், தண்ணீர்மேல் நடக்கலாம். கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர் அவர். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணம் கைமாறவில்லை.

பகுத்தறிவு மேடைகளில் இதைச் சொன்னால் இன்றும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தப் பரிசு எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் அதன் வலிமை. அற்புதக் கதைகள் பெரும்பாலும் கேள்விப்பட்ட கதைகள், வாதிட்டால் விடியாது. சவால் அந்த வாதத்தைச் செயலுக்கு இழுத்து வருகிறது. எதைச் செய்யவேண்டும், எது வெற்றி என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறது. இதேபோன்ற பரிசை 1964இல் ஆயிரம் டாலரில் தொடங்கிப் பின்னர் பத்து லட்சம் டாலர்வரை உயர்த்திய அமெரிக்க வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, சோதனை விதிகளுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே சோதனைக்கு இறங்கினார். தோற்றவர் பிறகு 'சூழல் சரியில்லை' என்று நழுவ வழியில்லை. மோசடியைப் பிடிக்க இந்த வேலையில் வித்தைக்காரரும் வேண்டும். இயற்கை, விஞ்ஞானியை ஏமாற்றத் திட்டமிடுவதில்லை; மனிதன் திட்டமிடுவான்.

இனி குறைகள். சோதிடருக்குக் கோவூர் வைத்த நிபந்தனை இது: பத்து ஜாதகங்களைப் பார்த்து, ஆணா பெண்ணா, உயிரோடு இருப்பவரா இறந்தவரா என்று பிரிக்கவேண்டும்; நூற்றுக்கு ஐந்துக்குமேல் பிழை வரக்கூடாது. பத்தில் ஒன்று தவறினாலே பத்து விழுக்காடு ஆகிவிடுகிறதே! 'எல்லாம் தெரியும்' என்பவரை மடக்க இது போதும். சோதிடத்தில் சிறிதளவேனும் உண்மை இருக்கிறதா என்று அறிய இது உதவாது.

அந்த இடைவெளியை நிரப்பியது 2008இல் மகாராஷ்டிரத்தில் வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழு நடத்திய ஆய்வு. 100 கெட்டிக்கார மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய 100 பேர் என 200 பேரின் ஜாதகங்கள் திரட்டப்பட்டன. ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்கள். எது யாருடையது என்று பிரிக்கவேண்டும். 51 பேர் முன்வந்து, 27 பேர் விடை அனுப்பினார்கள். சரியான விடைகள் 46 விழுக்காடு. நாணயம் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும். பரிசுப் பணமும் சவடாலும் இல்லாத இந்த எண், லட்ச ரூபாயைவிட உரக்கப் பேசுகிறது.

இரண்டாவது குறை, சவால் எதிரில் நிற்பவரை மோசடிக்காரராகவே பார்க்கிறது. ஆனால் ராண்டியிடம் மிகுதியாக வந்தவர்கள் குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவர்கள். தங்கள் திறமையை அவர்கள் மனமார நம்பினார்கள். கை தன்னையறியாமல் அசைய, குச்சி தாழ்கிறது. ஏமாற்றுபவர் அங்கே யாரும் இல்லை. பெரிய சாமியார்களோ சவாலின் பக்கமே வருவதில்லை. வராததையே தோல்வி என்று முழங்குவது மேடைக்குப் பொருந்தும், ஆய்வுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, பரிசு துயரப்படுகிறவரைத் தொடுவதில்லை. கூரையில் கல் விழுவதைப் பேய்வேலை என்று அஞ்சும் வீட்டுக்காரருக்கு லட்ச ரூபாய் அறிவிப்பால் என்ன ஆறுதல்? இதைக் கோவூரே உணர்ந்திருந்தார். அத்தகைய வீடுகளுக்குப் போய், ஒவ்வொருவரிடமும் தனியே பேசி, வீட்டுக்குள்ளேயே மனம் நொந்த ஒருவர்தான் காரணம் என்று பலமுறை கண்டறிந்தார். அவர் எழுதிவைத்த அனுபவக் குறிப்புகளிலிருந்தே 'மறுபிறவி' திரைப்படக் கதையும் பிறந்தது. என் கணிப்பில் அவருடைய பெரிய பணி இந்த நேரடி விசாரணைகள்தான். ஆனாலும் அந்தக் குறிப்புகளை எழுதியவரும் அவரே, தீர்ப்பளித்தவரும் அவரே. இன்னொருவர் சரிபார்க்கும் வழி அவற்றில் குறைவு. சாமியாரிடம் கேட்கும் சான்றை ஆய்வாளரிடமும் கேட்கத்தானே வேண்டும்?

அப்படிக் கேட்டதால் அறிவியலே பயனடைந்த கதை உண்டு. 2011இல் டாரில் பெம் என்ற உளவியலாளர், வருவதை மனம் முன்கூட்டியே உணர்கிறது என்று ஒன்பது சோதனைகளைக் காட்டி, மதிப்புமிக்க ஆய்விதழில் எழுதினார். அவற்றில் ஒன்றை மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. கட்டுரை வழக்கமான முறைகளையே பின்பற்றியிருந்தது என்பதால், அந்த முறைகளின்மீதே ஐயம் எழுந்தது. உளவியல் துறை தன் பழைய முடிவுகளையும் மறுசோதனைக்கு எடுத்தது.

ஆகவே பணப்பரிசு போலியைச் சலிக்கும் நல்ல சல்லடை. உண்மையை அளக்கும் தராசு அல்ல. கோவூரும் ராண்டியும் விட்டுச்சென்ற சொத்து, விதிகளை முதலில் எழுது, பிறகு சோதி என்ற ஒழுங்குதான். அது அற்புதம் செய்பவருக்கும் அதை மறுப்பவருக்கும் ஒன்றே.