பெயிண்ட் அடிச்சாச்சு, பிளேடு?

ரெண்டு மாசமாக ராத்திரி வேளைகளில் ஒரே வகை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய புல்வெட்டும் மெஷினை யாரோ ஒருத்தர் குப்பையிலிருந்து எடுத்து வருவார். துருவைக் கழற்றி, பெயிண்ட் அடித்து, புதுசாக்கிக் காட்டுவார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது பெரிய பொழுதுபோக்கு. சவுத்போர்ட் என்ற ஊரில் புல்வெட்டும் மெஷின்களுக்கென்றே ஒரு மியூசியம்கூட இருக்கிறது.

திருப்பூர்க்காரனுக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. நம்ம பக்கம் புல்லை மெஷின் வைத்து வெட்டுகிற வழக்கமே கிடையாது. காங்கேயம் போனால் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மாடுகளே மேய்ந்து முடித்துவிடும். ஆனால் விஷயம் என்னன்னா, இந்த மெஷின் பிறந்த இடம் தோட்டம் இல்லை, துணி மில்.

எட்வின் பட்டிங் என்பவர் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கம் மெக்கானிக். அந்த வட்டாரம் முழுக்கக் கம்பளித் துணி மில்கள். நெய்த கம்பளியின் மேல் பஞ்சைக் கிளப்பிவிட்டு, கிளம்பிய மயிரை ஒரே உயரத்துக்கு வெட்டிச் சமப்படுத்துவார்கள். அதற்கு ஒரு உருளை; அதன் மேல் திருகுச்சுற்றாகப் பிளேடுகள்; எதிரே அசையாத ஒரு நேர் பிளேடு. துணி அந்த இடுக்கைத் தொட்டுப் போகும்போது மயிர் வெட்டுப்படும். துணி மயிரை வெட்டுவது புல்லை வெட்டாதா என்று பட்டிங் யோசித்தார். 1830 ஆகஸ்டில் காப்புரிமை வாங்கினார். ஜான் ஃபெராபி என்ற பங்காளியின் வார்ப்படப் பட்டறையில் மெஷின் தயாரானது. ஆரம்ப காலத்தில் வாங்கியவர்களில் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குத் தோட்டமும் உண்டு. கனவான்கள் தாங்களே இதை ஓட்டினால் நல்ல பொழுதுபோக்கு, நல்ல உடற்பயிற்சி என்கிற தொனியில் அந்தக் காப்புரிமையிலேயே எழுதிவைத்திருக்கிறார் மனிதர். பொழுதுபோக்கு என்ற பேச்சு அப்பவே ஆரம்பித்துவிட்டது.

நம்ம ஊரில் ஃபிளீஸ் துணிக்கு ரைசிங், ஷியரிங் போடுகிற யூனிட்டுக்குள் போனவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் புதுசாக இருக்காது. உள்பக்கம் கம்பி ரோலரால் கிளப்பிய பஞ்சை ஷியரிங் மெஷின் சமமாக வெட்டுகிறது. அதே திருகு பிளேடு, அதே நேர் பிளேடு. கிரிக்கெட் மைதானத்தில் ஓடுகிற உருளை வகை மெஷினும் இதற்கு ஒண்ணுவிட்ட தம்பிதான்.

எனக்குத் தெரிந்த ஃபிட்டர் ஒருத்தர் இந்த வேலையிலேயே வயசைக் கழித்தவர். அவரிடம் ஒரு வீடியோவைக் காட்டினேன். இருபத்தஞ்சு நிமிஷம், நல்ல படப்பிடிப்பு, பேச்சே கிடையாது. முழுசாகப் பார்த்தார். கடைசியில், "ஏனுங் தம்பி, துரு எடுத்தாச்சு, பெயிண்ட் அடிச்சாச்சு, எழுத்துக்கெல்லாம் தங்கக் கலரும் பூசியாச்சு. பிளேடு எப்பங்க செட் பண்ணுவாரு?" என்றார்.

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிளேடு செட்டிங் பதினோரு செகண்ட். அதுவும் வேகமாக ஓட்டிய காட்சி.

இந்த வகை வீடியோக்கள் மேல் என் புகாரே இதுதான். மெஷினின் உயிர் இருக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உருளைக்கும் நேர் பிளேடுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் அந்த மெஷின். மத்ததெல்லாம் அதைத் தாங்கிப் பிடிக்கிற இரும்பு. இடைவெளி அதிகமானால் புல் வெட்டுப்படாமல் மடங்கும், நார்நாராகக் கிழியும், ரெண்டு நாளில் நுனி பழுத்துப்போகும். ரொம்ப இறுக்கினால் இரும்போடு இரும்பு உரசிச் சூடாகும், தள்ளவும் முடியாது. வலது ஓரம் சரியாக இருந்து இடது ஓரம் தளர்ந்திருந்தால் தரையில் கோடு விழும். துணியிலும் இதே கதைதான், ஆனால் நஷ்டம் அதிகம். ஒரு ஓரம் சரியில்லை என்றால் ரோல் முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரியும். துணியின் மூட்டுத் தையல் வரும்போது பிளேடு விலகவில்லை என்றால் துணியே போச்சு.

தேய்ந்த பிளேடைச் சரிபண்ண ஒரு வழி, கிரைண்டிங் பேஸ்டை எண்ணெயில் குழைத்துத் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றுவது. ரெண்டு பிளேடும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்திக்கொள்ளும். அப்புறம் பேஸ்டைச் சுத்தமாகக் கழுவி, திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று நகர்த்தி, ஒரு தாள் துண்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வைத்து வைத்து வெட்டிப் பார்க்க வேண்டும். தாள் கிழியாமல், மடங்காமல், எல்லா இடத்திலும் சுத்தமாக வெட்டுப்படணும். "சத்தத்துலயே தெரியுமுங்க" என்றார் ஃபிட்டர். அவருக்குத் தெரியும். நமக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவிட்டால்தானே? எடிட்டிங்கில் அதை வெட்டிவிட்டுக் கடைசியில் ஏற்கெனவே குட்டையாக இருக்கிற புல்லில் ஐந்தடி தள்ளிக் காட்டி முடித்துவிடுகிறார்கள்.

நல்ல விஷயமும் உண்டு. இறுகிப்போன போல்ட்டைச் சுத்தியலால் அடிக்காமல் சூடு காட்டி, எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் கழற்றுகிற பொறுமை இருக்கே, அதை நம்ம ஒர்க்‌ஷாப் பையன்கள் கட்டாயம் பார்க்கணும். கழற்றிய வரிசையிலேயே பாகங்களைத் துணி மேல் பரப்பிவைப்பதும் நல்ல பாடம்.

ஆனால் பழைய பெயிண்டை முகக்கவசம்கூட இல்லாமல் தேய்த்து எடுக்கிறவர்களைப் பார்த்தால் பகீர் என்கிறது. அந்தக் காலத்து மெஷின்களின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள், பின்னணியில் பியானோ.

இன்னொன்று, எல்லா மெஷினையும் ஷோரூம் பளபளப்புக்குக் கொண்டுவந்தே தீரணுமா? கைப்பிடிக் கட்டையில் யாரோ முப்பது வருஷம் பிடித்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். அதைத் தேய்த்தெடுத்து வார்னிஷ் பூசினால் என்ன மிஞ்சும்? எழுதுவதற்கு அழகு பார்த்துச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த மெஷின் எந்தப் பக்கம் இழுத்தது, எந்த ஓரம் இறுகியிருந்தது என்று ஃபிட்டர் கண்டுபிடிப்பார். தேய்மானம் அவருக்கு நோயாளியின் பழைய சீட்டு மாதிரி. சேகரிப்பாளர்களிலும் இந்தக் கருத்துள்ள கட்சி ஒன்று இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்து, வெட்ட வைத்து, பழைய பெயிண்டை அப்படியே விட்டுவிடுவார்கள். அவர்கள் வீடியோவுக்குக் கூட்டம் வராது. முன்னே, பின்னே என்று ரெண்டு படம் போட்டால் வித்தியாசம் தெரிய வேண்டுமே!

நம்ம பக்கம் சிக்கல் வேற மாதிரி. ஷியரிங் மெஷின் பழசானால் யாரும் வீடியோ எடுப்பதில்லை, எடைக்குப் போடுகிறோம். மெஷின் போனாலும் பரவாயில்லை, வேறு வாங்கலாம். இந்த ஃபிட்டருக்குக் கீழே இப்போது ஒரே ஒரு பையன்தான் நிற்கிறான், அவனும் டெலிவரி வேலைக்குப் போறேங்கிறான். செட்டிங்கை ஒருத்தர் இன்னொருத்தர் கையைப் பிடித்துத்தான் சொல்லித்தர முடியும் என்பது இவர் கட்சி. எனக்கு அதில் பாதி சம்மதம். திருகை எவ்வளவு நகர்த்தும்போது சத்தம் எப்படி மாறுகிறது என்பதை மைக்கைப் பக்கத்தில் வைத்து, வெட்டாமல், வேகம் கூட்டாமல் நாற்பது நிமிஷம் பதிவு செய்தால் மீதிப் பாதியைச் சொல்லித்தரலாம்.

கேட்டுப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை மெஷின் சும்மா நிக்கும்போது வரச்சொல்லியிருக்கிறார். "பெயிண்ட் எல்லாம் அடிக்க மாட்டனுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.