சுவரில் தொங்கும் பையன்கள்

நூறு வருடங்களுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் பூசி, பெரிதாக்கி, சட்டம் போட்டு விற்கிறார்கள். அவற்றில் ஒருவகை, அமெரிக்க நகரங்களின் சிறுவர் பொழுதுபோக்குக் கழகப் படங்கள். குத்துச்சண்டைக் கையுறை மாட்டிய பையன்கள், பந்தோடு வரிசையாக நிற்கும் அணிகள். உணவகம், சலூன், வரவேற்பறை என எங்கும் இவை தொங்குகின்றன. வாடிக்கையாளர் ஒரு மணித்தியாலம் பார்க்கும் சுவரை, பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவந்து கோப்பை கழுவும் நாம் வருடக்கணக்காகப் பார்க்கிறோம். எனவே இதுபற்றி எமக்கும் ஒரு கருத்து உண்டு.

இந்தக் கழகங்களைப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் ஒரு டெனிஷ்காரர் என்பது இங்கு வாழும் எம்மவர் பலருக்குத் தெரியாது. யாக்கோப் றீஸ் 1849இல் றீபெ நகரில் பிறந்தவர், தச்சுத்தொழில் பழகியவர். 1870இல் நியூயோர்க் போய், வேலையின்றிப் பொலிஸ் நிலையத் தங்குமிடத்தில் படுத்தெழும்பியவர். பின்னர் செய்தியாளராகி, மக்னீசியத் தூளைக் கொளுத்திய வெளிச்சத்தில் சேரிகளைப் படமெடுத்தார். 'ஏழைகளின் பிள்ளைகள்' என்ற 1892ஆம் ஆண்டு நூலில் சிறுவர் கழகங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கால்வரி தேவாலயப் பங்கின் கழகத்தில் நடந்த கையுறைச் சண்டையும், அவெனியூ சீ கழகத்தின் தச்சுப் பட்டறையும் அந்நூலில் படங்களாக உள்ளன.

றீஸ் குறையற்றவரல்ல. இத்தாலியர், யூதர், சீனர் பற்றி அவர் எழுதியவற்றில் இனத்துவேசம் கலந்திருக்கிறது. தெருப்பிள்ளைகளை நித்திரை கொள்வதுபோல் நடிக்கவைத்தும் படமெடுத்தார். ஆனாலும் அவருடைய படத்துக்கு ஓர் இடமும் ஒரு காரணமும் இருந்தன. பையன்களைத் தெருக்கும்பலிடமிருந்து மீட்கக் கழகம் வேண்டும் என்ற வழக்கில் அவை சாட்சிகள்.

இன்று சுவருக்கு வரும்போது அந்த வழக்கு கழன்றுவிடுகிறது. நாம் பார்த்த படங்களின் பின்புறத்தில் அளவும் விலையும்தான் இருந்தன. ஊர், ஆண்டு, கழகத்தின் பெயர் எதுவும் இல்லை.

நிறம் இதனை ஈடுசெய்கிறதா? அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீலத்தை நன்றாகப் பதிந்தன. சிவப்பை அநேகமாகப் பதியவில்லை. சிவப்புச் சட்டையும் கறுப்புச் சட்டையும் ஒரே கருமையாக விழும். ஆகவே பூசப்படும் நிறம் மீட்கப்பட்டதல்ல, ஊகிக்கப்பட்டது. சான்று தேடி, நாட்கணக்காக இருந்து பூசுபவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் 2018இல் டி-ஓல்டிஃபை என்ற கணினி நிரலும், 2020இல் மைஹெரிட்டேஜ் கொம்பனியின் சேவையும் வந்தபின் இது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகிவிட்டது. எல்லாப் பையனுக்கும் ஒரே மண்ணிறக் கோட்டு, ஒரே றோசாக் கன்னம். பசித்த முகத்துக்கும் அதே றோசா.

இது எதுவரை போகும் என்பதற்கு 2021 சாட்சி. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொலைக்கு முன் எடுக்கப்பட்ட கைதிகளின் படங்களுக்கு ஒருவர் நிறம் பூசினார். சில முகங்களில் புன்னகையையும் சேர்த்தார். கம்போடிய அரசு கண்டித்தது. வெளியிட்ட வைஸ் நிறுவனம் அவற்றை நீக்கியது.

நிறம் வந்ததும் அந்தப் பிள்ளைகள் எமது பிள்ளைகள் போலத் தெரிகிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஊரில் ஸ்ரூடியோக்காரர் கையால் நிறம் தீட்டிய படங்களை எமது தாய்மாரும் ஆசையாய்ப் பார்த்தவர்கள். ஆனால் அவர்களுக்குப் படத்தில் இருப்பவர் யாரென்று தெரியும்.

எமக்கும் கழகங்கள் இருந்தன. சனசமூக நிலையச் சுவர்களில் கேடயத்தோடு எடுத்த விளையாட்டுக் கழகப் படங்கள் தொங்கின. 1995 ஒக்ரோபர் 30 வலிகாம இடப்பெயர்வில் அவற்றில் எத்தனையோ கைவிடப்பட்டன. தப்பி வந்த ஒன்றிரண்டை இப்போது எம்மவரும் ஸ்கான் பண்ணி, நிறம் பூசி, வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். இரண்டு வரிசைப் பையன்கள். யார் செத்தது, யார் காணாமல் போனது, யார் கனடாவில் என்று சொல்லக்கூடியவர் ஹேர்னிங்கிலோ ஹொல்ஸ்ரபுரோவிலோ முதுமையில் தனித்திருக்கிறார். அவரிடம் போனவர் எத்தனை பேர்?

நிறத்தைப் பிறகும் பூசலாம். படத்தைக் கொண்டுபோய் முதலில் அவரிடம் பெயர்களைக் கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவோம். ஜேர்சி என்ன நிறம் என்பதையும் அவரே சொல்லுவார்.